முதலில் கையில் தடவிப் பார்த்தவள்

நீலகிரியில் எமரால்டு என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் சாந்தாமணியை 2011 மார்ச்சில் ஒரு கரடி அறைந்தது. காலை எட்டு மணி இருக்கும். சரிவுப் புதருக்குள் அது குட்டியோடு படுத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரே அறைதான். இடது காதடியிலிருந்து வாயோரம் வரை கன்னம் கிழிந்தது. ஊட்டி ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

காயம் ஆறியது. ஆனால் நாலைந்து மாதத்தில் தையல் போட்ட இடம் மண்புழு மாதிரி தடித்துச் சிவந்து எழும்பியது. குளிர்காற்று பட்டால் அரிக்கும். வாயோரம் இழுத்துக்கொண்டதால் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகத்தான் உள்ளே தள்ள வேண்டும்.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. யாரையும் லேசில் நம்புகிற சுபாவம் முன்பே கிடையாது. கரடிக்குப் பிறகு அது கூடியது. யாராவது முகத்தைப் பார்த்தால் ஏன் பார்க்கிறார்கள் என்று தோன்றும். பார்க்காமல் பேசினால் ஏன் பார்க்கவில்லை என்று தோன்றும். கணவன் வேலுமணி காய்கறி ஏற்றும் பிக்கப் ஓட்டுபவன். தழும்பைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

ஒருநாள் அவன் ஊட்டியில் யாரோ ஒருத்தியிடம் ஒரு சின்ன டப்பா வாங்கி வந்தான். வெள்ளைக் களிம்பு. பெயரில்லை, தேதியில்லை. தழும்பு இருந்த இடமே தெரியாமல் போய்விடும் என்று விற்றவள் சொன்னாளாம். சாந்தாமணி வாங்கிக்கொண்டாள், முகத்தில் தடவவில்லை. முழங்கைக்குக் கீழே தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தி பட்ட பழைய தழும்பு ஒன்று இருந்தது. தினமும் இரண்டு வேளை அதில் தடவினாள். தடவுகிறாயா என்று கணவன் கேட்டபோது தடவுகிறேன் என்றாள். அது பொய்யில்லை. ஒரு மாதத்தில் தழும்பைச் சுற்றித் தோல் வெளுத்தது. அடுத்த மாதம் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்புகள் தெரிந்தன.

டப்பாவை எடுத்துக்கொண்டு ஊட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் டாக்டர் யூனிஸிடம் கையை மட்டும் காட்டினாள். முகத்தை ஸ்கார்ஃபுக்குள் வைத்திருந்தாள். இதில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும், நல்ல தோலை அரித்துவிடும் என்றார் டாக்டர். பிறகு ஸ்கார்ஃபை விலக்கச் சொல்லிக் கன்னத்தைப் பார்த்தார். தடிப்புக்குள் மாதம் ஒரு ஊசி போடலாம் என்றார். என்ன மருந்து என்று இவள் கேட்க, அதுவும் ஸ்டீராய்டுதான் என்றார்.

சாந்தாமணி எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இப்பத்தானுங்க அது தோலை அரிச்சுப்போடும்னீங்க. அதையே ஊசியில ஏத்தறேங்கறீங்க?"

"கையில நல்ல தோலை மெலிய வெச்சுது. கன்னத்துல தடிச்சதைத்தான் மெலிய வைக்கணும். அதனால தடிப்புக்குள்ள மட்டும், அளவாப் போடுவேன். ஆனா தழும்பு போகாதுங்க. தணியும், அரிப்பு குறையும். அவ்வளவுதான்."

அதுவரை தழும்பைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் போய்விடும் என்றுதான் சொன்னார்கள். போகாது என்று சொன்னது இந்த ஒருவர்தான். இருந்தாலும் காதோரம் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் முதலில் போடச் சொன்னாள். டாக்டர் ஒத்துக்கொண்டார். மருந்துக் குப்பியை வாங்கிப் பெயரையும் காலாவதித் தேதியையும் எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே கன்னத்தைத் திருப்பினாள். வலி உயிர் போயிற்று.

அடுத்த மாதம் அந்த ஓரம் மிருதுவாகியிருந்தது. பிறகு முழுத் தழும்புக்கும் ஆறு தடவை போட்டுக்கொண்டாள். ஆறு தடவையும் குப்பியைப் படித்தாள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி கழுவிக்கொண்டிருந்த கணவனிடம் கேட்டேவிட்டாள்.

"என்ர மூஞ்சி பாக்கச் சகிக்காமத்தான் அந்தக் களிம்பு வாங்கியாந்தீங்களா?"

அவன் தண்ணீர்க் குழாயை மூடினான்.

"தூக்கத்துல சொறிஞ்சுக்கறே, அம்மணி. தலகாணியில ரத்தம் ஒட்டுது. அதப் பாக்க முடியல."

அவள் உள்ளே போய்த் தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தாள். தேயிலைக் கறை என்று நினைத்திருந்த பழுப்புப் புள்ளிகள். நெடுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாராவது புதுக் களிம்பு வாங்கினால் இப்போது முதலில் அவளிடம் கொண்டுவருகிறார்கள். பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறாள். அவளுடைய தழும்பு வெளிறிய கோடாகப் படுத்திருக்கிறது. பனிக்காலத்தில் கொஞ்சம் இழுக்கும். வாய் நன்றாகத் திறக்கிறது.