கோபுரத்துக்கு இருநூற்றெண்பத்தேழு படிகள்

பல்ஸ் அக்கா மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். நாளுக்கு ஒரு காகிதப் பை, அதன்மேல் பெயர், தேதி. ஐந்து நாள் பயணம். விமானம் கிமானம் தாமதமானால் என்று இரண்டு நாள் கூடுதல். கணவருக்கு ரத்த அழுத்தம், தங்கைக்குத் தைராய்டு, தங்கை கணவருக்குச் சர்க்கரை. போகிறவர்கள் நாலு பேர், பைகள் மூன்று பேருக்குத்தான். நாலாவது ஆள் அவள். அறுபத்துநாலு வயதில் ஒரு மாத்திரையும் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய், படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொண்டவள். யார் கையைத் தொட்டாலும் மூன்று விரல்களும் தானாக மணிக்கட்டுக்குப் போய்விடும். அதனால் வந்த பெயர்தான் பல்ஸ் அக்கா. "கல்யாணமான நாள்லேர்ந்து இவ என் கையை எண்ணறதுக்குத்தான் பிடிச்சிருக்கா" என்று அவள் கணவர் சொல்லாத இடம் கிடையாது. அவர் மோட்டார் மெக்கானிக். பட்டறையை மூடி நாலு வருஷமாகிறது. தெருவில் போகிற வண்டிக்கு என்ன கோளாறு என்று இன்னும் கட்டிலில் படுத்தபடியே சொல்வார்.

நாலு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. ஐரோப்பாவில் பாலங்கள் நிறைந்த ஒரு நகரம். மூன்று நாள் நகரத்துக்குள். மீதி இரண்டு நாளும் காலையில் ரயிலில் போய் மாலையில் திரும்ப வேண்டியது. ஒரு நாள் ஏரி, ஒரு நாள் பழைய கோட்டைக் கோபுரம். ஏரி தங்கையின் ஆசை, கோபுரம் இவளுடையது.

ஆறு வருஷம் இவள் பார்த்துக்கொண்ட ஒரு டீச்சரம்மாவின் கட்டிலுக்கு எதிரே, அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்து எடுத்த படம் மாட்டியிருந்தது. சிவப்புக் கூரைகள், வளைந்து போகும் ஆறு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டீச்சரம்மாவைப் புரட்டும்போதெல்லாம் படம் கண்ணில் படும். ஆறு வளைகிற இடத்தோடு சட்டம் முடிந்துவிடும். அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

கோபுரத்துக்கு இருநூற்றெண்பத்தேழு படிகள், லிஃப்ட் கிடையாது. அவள் குடியிருக்கும் கட்டடம் எட்டு மாடி, மாடிக்குப் பதினெட்டுப் படி. இரண்டு தடவை ஏறினால் இருநூற்றெண்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் ஒத்திகைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஏறி முடித்து இரண்டு நிமிஷம் உட்கார வேண்டும். அதற்குள் நாடி நூற்றுக்குக் கீழே இறங்கி ஒழுங்காக அடிக்காதவர், அங்கே கோபுரத்தடி பெஞ்சில் உட்கார வேண்டும். இதில் பேச்சே கிடையாது.

தங்கை கணவர் பேக்கரிக்காரர், அலமாரி மாதிரி உடம்பு. அவள் பட்டியல் எழுதிவைத்திருந்த நோட்டை எட்டிப் பார்த்தார். 'பெஞ்சில்' என்பதற்கு நேரே அவர் பெயர் ஏற்கெனவே இருந்தது.

"பரீட்சைக்கு முன்னாடியே மார்க் போட்டுட்டீங்களே அக்கா."

"ஏறிக் காட்டுங்க தம்பி, அழிச்சிடறேன்."

ஏறினார்கள். எட்டாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி மறுபடி ஏறினார்கள். மொட்டைமாடிக் கதவருகே வரிசையாக உட்கார்ந்தார்கள். கணவருக்குத் தொண்ணூற்றாறு. தங்கைக்குத் தொண்ணூறு. பேக்கரிக்காரருக்கு எண்பத்துநாலு. நம்ப முடியாமல் அவள் திரும்ப எண்ணினாள். எண்பத்துநாலேதான்.

"முப்பது வருஷமா மாவு மூட்டையை முதுகுல ஏத்தி மாடிக்குக் கொண்டுபோறவன் நான். என்னைப் போய் பெஞ்சுல உட்கார வெக்கறீங்களே" என்றார்.

தங்கை சிரித்தாள். "அக்கா, உன்னை யாரு பார்க்கறது?"

"எனக்கென்ன?"

"ஏன், நீ என்ன வாத்தியாரா? கொடு கையை" என்று கணவர் பிடித்துக்கொண்டார். விரலை எங்கே வைப்பது என்று அவளே காட்டினாள். அவர் கண்ணை மூடிச் சத்தமாக எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலைக் காணோமே."

"உங்களுக்கு எண்ணத் தெரியல."

"இரு. இப்ப ரெண்டு ஒட்டுக்கா ஓடுது. மறுபடி ஒண்ணை முழுங்குது." அவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் விளையாட்டு இல்லை. "ஏம்மா, இது மிஸ் ஆகற இஞ்சின்."

"விரலை அழுத்தி வெச்சா அப்படித்தான் இருக்கும்" என்று கையை உருவிக்கொண்டு, தன் விரல்களைத் தானே வைத்தாள். மூன்று. ஒன்றுமில்லை. இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக. மறுபடி ஒன்றுமில்லை. அடுத்த கையில் பார்த்தாள். கழுத்தில் பார்த்தாள். கைக்கடிகார முள் ஒரு சுற்று முடித்தபோது என்ன எண்ணினோம் என்பதே மறந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். வேகம் இறங்கியது, தாளம் சேரவில்லை.

"அக்கா, என்னக்கா?" என்றாள் தங்கை. அவள் பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்தாள்.

இரண்டு மாதமாகக் கடைப் பையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. வயசு என்று விட்டிருந்தாள். காலையில் எழுந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ படபடக்கும். காபி அதிகம் என்று விட்டிருந்தாள். எத்தனை வீட்டு வாசலில் நின்று, "கண்ணு முன்னாடி நடந்திருக்கு, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று மகன்களையும் மருமகள்களையும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். அந்தக் கேள்வியை இப்போது யாரைக் கேட்பது? இந்த விரல்கள் எந்நேரமும் அவள் கையிலேயே இருந்தன. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"டிக்கெட்டை வேணா தள்ளிப் போட்டுடலாம்" என்றார் பேக்கரிக்காரர். கேலி செய்வதை விட்டுவிட்டிருந்தார். அதுதான் அவளை இன்னும் கலங்க வைத்தது.

"யாரும் எதையும் தள்ள வேணாம். லிஃப்டைக் கூப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கணவரோடு இதய மருத்துவரின் கிளினிக்கில் முதல் ஆளாக நின்றாள். ஒரு தாளில் தேதி, நேரம், நாடி, மூச்சு எல்லாம் வரிசையாக எழுதியிருந்தாள். வாங்கிப் பார்த்த நர்ஸ் அவளுக்குப் பின்னால் நின்ற கணவரைப் பார்த்து, "பேஷண்ட் இவரா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் பல்ஸ் அக்கா. சொன்ன பிறகு அந்த வார்த்தை யாரோ சொன்னது போல் இருந்தது.

இ.சி.ஜி. தாளை டாக்டர் நீட்டிப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"நர்சிங் தெரிஞ்சவங்க. இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"



இன்றைக்கே மாத்திரை, நாளைக்கு ஸ்கேன், பத்து நாள் கழித்து மறுபடி வர வேண்டும் என்றார் டாக்டர். பயணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. "துடிப்பு அடங்குச்சுன்னா ரயில், ஏரியெல்லாம் போய்ட்டு வாங்க. கோபுரம் கீபுரம் வேணாம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கத்தரிக்கோலை எடுத்தாள். புது அட்டையை ஏழு நாளுக்குக் கத்தரித்து, பைகளில் போட்டு, தன் பெயரை எழுதினாள். பிறகு நோட்டைத் திறந்து, 'பெஞ்சில்' என்பதற்கு நேரே இருந்த பேக்கரிக்காரரை அடித்துவிட்டுத் தன்னை எழுதினாள். அவர் பெயரைக் கோபுரத்துக்கு மாற்றி, அதன் கீழே ஒரு குறிப்பும் சேர்த்தாள்: 'ஆறு வளையும் இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்லவும். போட்டோ மட்டும் போதாது.'