ஒரே லைனில் பொருளியலும் சவூதி கோலும்

கொமினிகேசன் கடை நடத்துகிறவருக்கு ஊரில் எல்லாருடைய கதையும் காதில் விழும். ஒன்றுமே விழாதது மாதிரி முகத்தை வைத்திருக்கத் தெரிந்தால்தான் கடை ஓடும். கல்முனையில் எங்கள் காக்காவின், அதாவது அண்ணனின், கடையில் அந்த முகத்தோடு ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். போன் எடுக்க, பெக்ஸ் அனுப்ப, போட்டோக்கொப்பி அடிக்க என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். யுத்தம் முடிந்த வருடம் காக்கா ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டார். அதில்தான் நான் பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். பரீட்சைக்குப் பொருளியலும் அரசியல் விஞ்ஞானமும் படித்தேன்.

எனக்கு அது தேர்ட் ஷை. மூன்றாவதும் கடைசியுமான தடவை. அதிலும் கவிழ்ந்தால் கெம்பஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்துகொண்டு இரவல் கொப்பியில் படித்து எழுதியது முதல் தடவை. யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த நேரம் எழுதியது இரண்டாவது. இரண்டிலும் போனது போனதுதான். அப்போதுதான் கொழும்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிக்கு இந்த இரண்டு பாடத்தையும் இன்டர்நெட்டில் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். அவரை நாங்கள் ஏழு பேரும் ஸேர் என்றே கூப்பிட்டோம். மற்ற ஆறு பேரையும் நான் இன்றுவரை கண்டதில்லை.

ஒரு சிக்கல்தான். கடையில் இருந்தது ஒரே லைன். இன்டர்நெட் போட்டால் போன் செத்துவிடும், போன் எடுத்தால் வகுப்பு செத்துவிடும். வேகமான லைன் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. பாதி வசனத்தில் ஆசிரியரின் குரல் அறுந்துபோக, மீதியைத் தாங்களே இட்டுக்கட்டிக் கொப்பியில் எழுதிய அன்பர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

புது மாணவர்

முதல் வகுப்பு. காதில் மாட்டுகிற ஹெட்செட் உடைந்திருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டேன். வகுப்பு கடை முழுவதற்கும் நடந்தது. பெரிய வயல்காரர் ஒருவர், ஊரில் போடியார் என்போம், அக்கரைப்பற்று நெல் ஆலைக்குப் போன் எடுக்க வந்து கதிரையில் காத்திருந்தார். ஸேர் அமையச் செலவைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தெரிவு செய்யும்போது அதற்காகக் கைவிட வேண்டி வருகிற அடுத்த நல்லது எதுவோ, அதுதான் அமையச் செலவு.

“கல்முனைப் பிள்ளை, ஒரு உதாரணம் சொல்லும்” என்றார் ஸேர். போடியார் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், செத்துக் கிடந்த போனைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு எழும்பி வந்து மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, “இந்தப் புள்ள படிக்கிறத்துக்கு என்ட போன் கோல் போச்சுதே, அதான் ஸேர்” என்றார். கொழும்பில் இருந்து சிரிப்புச் சத்தம் கரகரத்து வந்தது. “மிகச் சரி! ஆர் அந்தப் புது மாணவன்?”

ஆசியா மாமியின் ஏச்சு

ஆசியா மாமி எங்கள் பின்வளவுக்காரர். அவருடைய மகள் நஸீறாவும் நானும் ஏ.எல். வகுப்பில் ஒரே மேசை. பொருளியல் கேத்திரகணிதம் மாதிரித் தெரிந்து எனக்குத் தலை சுற்றும்போதெல்லாம் அவள்தான் வரைபைக் கீறிக் காட்டுவாள். சுனாமியில் அவர்களுடைய வீடும் போய் வாப்பாவும் போய்ச் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவளுக்கென்று வீடு இருக்க வேண்டும். நஸீறாவுக்கு இரண்டு தங்கச்சிமார் வேறு. அவள் புத்தகத்தை மூடிவிட்டு வீடு கட்டச் சவூதிக்குப் போனாள். ரியாதில் அவள் வேலைக்கு நின்ற மடம், அதாவது எசமானியம்மா, வீட்டார் ஜும்ஆ தொழுது, தகப்பன் வீட்டில் சாப்பிட்டு வருகிற ஒரு மணித்தியாலம்தான் அவளுக்குப் போன் கிடைக்கும். அது இங்கே மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் இடையில். மாமியிடம் கைபோன் கிடையாது. கடை நம்பருக்குத்தான் எடுப்பாள்.

இரண்டு வெள்ளிக்கிழமை மாமி வந்து, அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். லைனை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. கூச்சத்தில் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் அது சுயநலம். மூன்றாவது வெள்ளி மனம் குத்தி, வகுப்பைப் போடாமல் விட்டேன். மூன்றேகாலுக்கு மணி அடித்தது. ரெண்டு கிழமையாக என்கேஜ் சத்தம் கேட்டு, உம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோயிருந்த நஸீறா அழுதது எனக்கும் கேட்டது.

மாமி போனை வைத்ததும் உண்மையைச் சொன்னேன். வகுப்பை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். மாமியின் முகம் மாறியது. ஏசப் போகிறார் என்று நினைத்தேன், ஏசத்தான் செய்தார். “ஒருத்தி படிப்ப உட்டது காணும். நீயும் உட்டா நான் அவளுக்கு என்ன மறுமொழி சொல்ற?”

கொழும்புக் கலண்டர்

அதற்குப் பிறகு ஒரு வெள்ளி வகுப்பு, மறு வெள்ளி நஸீறாவின் கோல் என்று ஓடியது. அரைப் பாடத்தோடு அரை மாணவியாக ஒரு மாதம் இழுபட்டேன்.

கடைக்குப் பக்கத்தில் பள்ளிவாசல். பின்னேரத் தொழுகைக்கு அழைக்கிற அஸர் வாங்கு சொன்னால் ஸேரின் குரல் கேட்காது. ஸேர் யாழ்ப்பாணத்து இந்து. நான் ஒரு வார்த்தை சொல்லாமலே, அவர் கொழும்பில் எங்கோ தேடி ஒரு தொழுகை நேரக் கலண்டர் வாங்கி வைத்து, வாங்கு நேரத்துக்கு வகுப்பை நிறுத்தத் தொடங்கினார். நன்றாக இருந்தது, ஒரு பிசகைத் தவிர. அது கொழும்பு நேரம். எங்கள் கரையில் வாங்கு ஏழெட்டு நிமிடம் முந்திவிடும். எங்கள் வாங்குக்குப் பாடம் கேட்காது, அது முடிந்து கொஞ்ச நேரத்தில் கொழும்பு வாங்குக்குப் பாடம் நடக்காது. இப்படியொரு நல்ல மனதில் பிழை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் மாமிக்காகத்தான் வாயைத் திறந்தேன். அஸருக்குக் கால் மணித்தியாலம் விட்டால் லைனைப் போனுக்குக் கொடுக்கலாம், நஸீறாவை அந்த நேரம் எடுக்கச் சொல்லலாம் என்றேன். கலண்டர் விசயத்தையும் மெல்லச் சேர்த்துச் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ, ஹலோ என்றேன். “நிக்கிறன் பிள்ளை. சூரியன் உங்களிட்டைத்தானே முதல் வாறது, இந்த வயசுக்கு நான் அதை யோசிக்கேல்லை. இனி உங்கட பள்ளிவாசல்தான் எனக்கும் மணிக்கூடு.”

கடல் பாஸ்

விலை ஏறினால் நிரம்பலும், அதாவது சந்தைக்கு வருகிற சரக்கும், ஏறும் என்று ஸேர் சொல்லிக்கொண்டிருந்த நாள். பாண்டிருப்பில் இருந்து அடையாள அட்டை கொப்பி அடிக்க வந்த தங்கராசா அண்ணன், தோணிக்காரர், கடையே அதிரச் சிரித்தார். யுத்த காலத்தில் கடலுக்குப் போகப் படையினரிடம் பாஸ் வேண்டும், போகிற நேரம் வருகிற நேரம் எல்லாம் எழுதித்தான் விடுவார்கள் என்பது நம்மில் பலருக்கு மறந்திருக்காது. நான் அதை ஸேருக்குச் சொன்னேன். ஸேர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அண்ணன் சொல்வதை அப்படியே கொப்பியில் எழுதும்படி ஏழு பேருக்கும் சொன்னார். நான் எழுதியது இன்னும் இருக்கிறது: “விலை ஏறினத்துக்கு ஒரு நாளும் எனக்கு மீன் கூடுதலாப் படல்ல தங்கச்சி, பாஸ் தந்த நாளையிலதான் பட்டது.”

குடும்பத் தலைவர்

அரசியல் விஞ்ஞானத்தில் எனக்கு ஓட்டை விழுந்த இடம் சட்டமும் வழமையும் என்ற பகுதி. சட்டம் எழுதி வைத்தது, வழமை ஊர் வைத்தது என்று மனப்பாடம் செய்திருந்தேன், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அந்தக் கிழமை ஒரு கணவனும் மனைவியும் சுனாமி வீட்டுப் படிவம் நிரப்ப வந்தார்கள். முதல் கேள்வியே குடும்பத் தலைவர் பெயர். கணவர் தன் பெயரைச் சொன்னார், எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்து, கடல் கொண்டுபோன வீடு தன் உம்மா தனக்குத் தந்தது, புதுவீடு எப்படி இவர் பெயரில் வரும் என்று கேட்டார். படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். கணவரும் பாவம், நெற்றியைச் சொறிந்துகொண்டு, அவ சொல்றது சரிதான் என்றார்.

படிவத்தின் அடியில் ‘வேறு குறிப்புகள்’ என்று இரண்டு கோடு விட்டிருந்தார்கள். அதில் என்ன எழுத என்று கேட்டேன். மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். சட்டமும் வழமையும் எனக்கு அன்றைக்கே விளங்கின. “தலைவர் அவர்தான். தலைவர் குடியிருக்கிற வீடு என்ட.”

சுட்டெண்

பரீட்சை அனுமதி அட்டை வந்தது. ஆசியா மாமி கடைக்கு வந்து, அதிலிருந்த சுட்டெண்ணை, அதாவது பரீட்சை இலக்கத்தை, ஒரு துண்டில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். துஆக் கேட்கவாம். அல்லாஹ்வுக்குச் சுட்டெண் எதற்கு மாமி என்று நான் சிரித்தேன். என் பெயர் பாத்திமா. கல்முனையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு பாத்திமா மேலேதான் விழும். மாமி துண்டை நாலாக மடித்துச் சீலைத் தலைப்பில் முடிந்தார். “உன்ட பேர்ல எத்தின புள்ளையள் சோதின எழுதுது? துஆ ஆள் மாறிப் போனா என்ன செய்ற?”

பெறுபேறு

பெறுபேறு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். காலையில் இருந்து ஊர்ப் பிள்ளைகளின் சுட்டெண்ணை அடித்து அடித்து விரல் வலித்தது. ஒரு பக்கம் திறக்கக் கால் மணித்தியாலம். சிலர் சிரித்துக்கொண்டு போனார்கள், சிலர் பேசாமல் போனார்கள். என்னுடையதை மட்டும் நான் அடிக்கவில்லை. கூட்டம் குறையட்டும் என்று காக்காவிடம் சொன்னேன். கூட்டம் குறைந்தது, பயம் குறையவில்லை.

மூன்றரை ஆகப் போகிறது. ஆசியா மாமி வழக்கம்போல வந்து கதிரையில் இருந்தார். நான் ஒருவழியாக என் எண்ணை அடித்தேன். பக்கம் மேலிருந்து விரல் அகலம் விரல் அகலமாக இறங்கியது; என் பெயர் தெரிந்தது. அப்போது வாங்கு கேட்டது. அது நஸீறாவின் நேரம். “பாரு புள்ள, அவள் மறுகா எடுப்பாள்” என்றார் மாமி. ஆனால் நான் வயரைக் கழற்றிப் போனில் குத்திவிட்டேன். பாதி, மாமியின் அந்தக் கால் மணித்தியாலத்தை இன்னொரு தரம் களவெடுக்க மனமில்லை. மற்றப் பாதி, பயம்.

குத்திய கையோடு மணி அடித்தது. வழக்கப்படி மாமியிடம் நீட்டினேன். மாமி வாங்கவில்லை, நீ கதை என்று கையைக் காட்டினார். காதில் வைத்தேன். உம்மாவிடம் கொடுக்காதே என்றாள் நஸீறா. மடத்தின் மகளிடம் கம்ப்யூட்டர் இருந்ததாம். உம்மா போன மாதமே என் காதுக்கு எட்டாமல் போனில் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக் கொடுத்த சுட்டெண்ணை, தலையணைக்குக் கீழே வைத்திருந்து, அந்தப் பிள்ளையைக் கெஞ்சி அடிக்கச் சொன்னாளாம். பொருளியல் பி. அரசியல் விஞ்ஞானம் ஏ. இஸ்லாமிய நாகரிகம் பி. அம்பாறை மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு இது காணும், கெம்பஸ் கிடைக்கும் என்றாள். மாமி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரே மேசையில் இருந்த காலத்தில் ‘கா’ போட்டுக் கதைத்த அதே குரலில் நஸீறா சொன்னாள்: “அழாத கா. நாம பாஸ்.”

அமையச் செலவு என்றால் என்னவென்று வினாத்தாளில் கேட்டிருந்தார்கள், அதை யார் யார் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேலதிகத் தாள் வாங்கி எழுதியும் நான் அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் முடித்திருக்க மாட்டேன்.