முதிரைக் கதவில் இரண்டாவது தழும்பு

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால், "அதுக்கு அடையாள அட்டை இருக்கோ?" என்று கேட்கிற ஆள் நான். வட்டக்கச்சியில் விசாரித்துப் பாருங்கள், செத்த வீட்டிலும் பகிடி விட்டு ஏச்சு வாங்கியவன் என்றுதான் சொல்வார்கள். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். வேறு யாரும் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எங்கள் பழைய வீட்டு முன்கதவு முதிரைப் பலகை. என் மனைவி பவளத்தின் தம்பி கண்ணன் பின்னேரம் தவறாமல் வந்து அதைத் தட்டுவான். டொக் டொக், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். கையில் ஒரு வெள்ளி மோதிரம். ஆள் நெட்டை, தட்டுவது எப்போதும் ஒரே இடத்தில், என் நெற்றிக்கு நேரே. மோதிரம் பட்டுப் பட்டு மரத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பே விழுந்துவிட்டது. அவன் தட்டினால் நான் உள்ளே இருந்து, "ஆக்கள் இல்லை!" என்று கத்துவேன். "அப்ப பிறகு வாறன் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே அவன் உள்ளே வந்துவிடுவான். ஒவ்வொரு நாளும் இதே பகிடி. கேட்டவர்களுக்கு அலுத்தது, எங்கள் இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

பிறகு சண்டையில் இடம்பெயர்ந்தபோது எல்லோரையும் போல நாங்களும் கூரை ஓடுகளைக் கழற்றினோம், கதவைக் கழற்றினோம். உழவு இயந்திரப் பெட்டியில் கதவுக்கு இடம் இல்லை. நானும் கண்ணனும் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துப் பதுங்குகுழிக்குள் படுக்க வைத்து மண் போட்டு மூடினோம். முள்ளிவாய்க்காலில் ஒரு காலை தண்ணீர் அள்ளக் கானோடு போனவன்தான் கண்ணன், திரும்பவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை. மீள்குடியேறி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் இல்லை, குழிக்குள் கதவு மட்டும் போட்டபடி கிடந்தது. அதை மறுபடி மாட்டிய நாளில் இருந்து பவளத்தின் ஒரு காது அந்தக் கதவிலேயே இருந்தது.

மகள் சுகந்திக்குக் கலியாணம் ஆனதும் எங்கள் வழக்கப்படி வீடு அவளுக்குச் சீதனமாகப் போனது. நாங்கள் இரண்டு பேரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை வீட்டுக்குப் போக வேண்டும். பவளம் மாட்டேன் என்றாள்.

"தம்பி வந்தா எங்க தேடுவான்?"

"கடையில கேட்டாலே காட்டி விடுவினம் பவளம். என்னைத் தெரியாத ஆள் இருக்கோ இஞ்ச?"

"அவன் ஒருத்தரையும் கேக்க மாட்டான். நேர வந்து தட்டுவான்."

பழக்க தோஷம், ஓடுகிற காலத்தில் செய்ததையே செய்தேன். கதவைக் கழற்றினேன். சுகந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, சீதன வீட்டுக் கதவைக் கழட்டிக்கொண்டு போற தகப்பனை இப்பதான் காணுறன்" என்றாள். மருமகன் பாவம், கடையில் புதுக்கதவு வாங்கிப் போட்டார். எங்கள் சின்ன வீட்டு வாசல் நிலை உயரம் குறைவு. அதனால் முதிரைக் கதவின் அடியில் ஒரு சாண் அளவுக்கு அரிந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. நெற்றிக்கு நேரே இருந்த தழும்பு என் நாடிக்கு இறங்கியது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது வீட்டில் முதல் மாரி. சுவர் எல்லாம் ஈரம். பவளத்துக்கு முட்டு வருத்தம், மூச்சிழுப்பு, உண்டு, அந்த மழைக்கு அது ஒரேயடியாக இழுக்கத் தொடங்கியது. இரவில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு நான் நித்திரை இல்லாமல் கிடந்தேன். மகன் நிரூபன் கட்டாரில் பாலைவனத்துக்குள் ஒரு தோட்டத்தில் மேற்பார்வையாளன். "காய்ஞ்ச காத்து, அம்மாக்கு நல்லது, மாரி முடியுமட்டும் இஞ்ச வந்து நில்லுங்கோ" என்று கூப்பிட்டான். இவள் மறுபடி மாட்டேன் என்றாள். கடைசியில் சுகந்தியிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிய பிறகுதான் சம்மதித்தாள். நாங்கள் வரும் வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் சுகந்தி போய்க் கதவைத் திறந்து, விளக்கு வைத்து, கொஞ்ச நேரம் உள்ளே இருக்க வேண்டும்.

குளிருக்குப் பயந்து பாலைவனம் போன விவேகி நான். அங்கே எங்கள் மார்கழியைவிடக் குளிர். சாரத்துக்கு மேலே மகனுடைய தடித்த ஜக்கெற், தலையில் மப்ளர், கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்காது. மகன் இருந்தது தகரப் பெட்டி வீடு, அதற்கு இரும்புக் கதவு. சுற்றிவர மணல், தூரத்தில் வேலி, அவ்வளவுதான். ஆனால் நம்பினால் நம்புங்கள், ஒரு கிழமைக்குள் பவளத்தின் மூச்சு வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடத் தொடங்கியது. மூச்சு ஓடியது, மனம்தான் நிற்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் "சுகந்தி போயிருப்பாளோ" என்று நடப்பாள். அந்தப் பெட்டிக்குள் நடக்க இடமும் இல்லை, என் காலை மிதித்து மிதித்து நடப்பாள்.

அன்றைக்கும் பின்னேரம்தான். நல்ல வெயில். மகன் வேலைக்குப் போய்விட்டான். நான் நிலத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், பவளம் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

டொக் டொக். பிறகு, டொக்.

நான் யோசிக்கவே இல்லை. கத்தியைக்கூட நிறுத்தவில்லை. என் வாய் தன்பாட்டில், "ஆக்கள் இல்லை!" என்று கத்திவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இரும்புக் கதவில் தட்டினால் டங் என்று அல்லவா கேட்க வேண்டும்? நான் கேட்டது முதிரை மரம். வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழும்பினேன். போய்த் திறந்தால் வெளியே ஒரு குஞ்சும் இல்லை. மணல், வெயில், காற்று. ஓடிப் போய் மறைய ஒரு பற்றைகூட இல்லாத வெளி அது.

திரும்பிப் பார்த்தேன். பவளம் எழும்பி இருந்தாள். அழவில்லை.

"இஞ்சேருங்கோ, தம்பியெல்லே."

"காத்து அடிச்சது பவளம்."

"காத்துக்கோ ஆக்கள் இல்லை எண்டு சொன்னனீங்கள்?"

நான் கதவைச் சாத்திவிட்டு வெங்காயத்தைப் பொறுக்கினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அவன் மறுமொழி சொன்னவன்தானே, அப்ப பிறகு வாறன் எண்டு. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை.

உடனே சுகந்திக்கு அழைப்பு எடுத்தேன். விளக்கு வைத்தாயா என்று கேட்டேன். "அம்மாட்ட சொல்லாதேங்கோ அப்பா. இவருக்குக் காய்ச்சல், இண்டைக்கு மட்டும் போகேல்லை. வீடு பூட்டினபடிதான்" என்றாள்.

மாரி முடிந்து ஊர் வந்தோம். பைகளை இறக்கிவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன். பழைய தழும்பு என் நாடிக்கு நேரே, இருந்த இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, என் நெற்றிக்கு நேரே, இன்னொன்று. அதே பிறை. புதிதாகக் காயம்பட்ட இடத்தின் மஞ்சள் நிறம். மருமகன் உற்றுப் பார்த்துவிட்டு, "மரங்கொத்தி, மாமா" என்றார். நல்ல பிள்ளை. நானும் ஓம் என்றேன்.

பவளம் கிட்ட வந்தாள். கையை உயர்த்தி அதைத் தடவிப் பார்த்தாள். "இடம் கண்டுபிடிச்சிட்டான்" என்றாள். அன்றிரவு அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள், மகள் பிறந்த காலத்துக்குப் பிறகு நான் கேட்காத குறட்டை.

இந்த மாரிக்கும் நிரூபன் கூப்பிடுகிறான். "எப்ப ரிக்கெற்?" என்று பவளம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாட்டேன் என்று நிற்பது நான்தான். கண்ணன் அவளிடம் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே. பின்னேரமானால் கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். "இருக்கிறம், வா" என்பதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன். இந்த வாயை நம்ப முடியாது.

இன்னொன்று. முதிரையில் காயம் பட்டால் கொஞ்சக் காலத்தில் கறுத்துவிடும், பழைய தழும்பு அப்படித்தான் கறுத்தது. மேலே இருப்பது மட்டும் இன்றைக்கும் மஞ்சளாகவே இருக்கிறது, சற்று முன்னர்தான் யாரோ தட்டிவிட்டுப் போன மாதிரி.