மாரியாத்தாள் வீட்டின் இரண்டு படங்கள்

தம்பிதுரைக்குக் கோணல் என்றாலே ஆகாது. தாராபுரத்தில் இருபது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணப் படத்தில் பந்தக்கால் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கம்ப்யூட்டரில் நிமிர்த்திவிட்டுத்தான் சாப்பிடப் போவான். பக்கத்துக் கடைக்காரன் நான். அந்தக் கிறுக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அமராவதியில் வெள்ளம் வந்து வடிந்ததும், கரையோரம் ஆட்கள் விட்டுப்போன வீடுகளைப் படமெடுக்கும் அரசாங்க வேலை அவனுக்கு வந்தது. படத்தைப் பார்த்துத்தான் யாருக்கு மாற்று வீடு என்று முடிவு செய்வார்கள். நாற்பது வீடு, இரண்டே நாள். எல்லாவற்றையும் வழக்கம்போல நிமிர்த்தி, பளிச்சென்று ஆக்கிக் கொடுத்துவிட்டான்.

அதில் ஒன்று மாரியாத்தாள் வீடு. ஒரு பக்கத்து அஸ்திவாரத்தை ஆறு அரித்து, வீடே தெற்கே சாய்ந்திருந்தது. படத்தில் தூண் மாதிரி நேராக நின்றது. 'சேதமில்லை' என்று எழுதிவிட்டார்கள். அவள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமையும் மூடியாயிற்று. போக்கிடம் இல்லாமல், மகளோடு அந்தச் சாய்ந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

விஷயம் தெரிந்த அன்று தம்பிதுரை என் கடையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நிமுத்தாம உட்டிருந்தா அவிய இந்நேரம் புது ஊட்டுல இருப்பாங்கண்ணா. நானே உள்ள தள்ளிப் பூட்டிப்போட்டேன்."

நிமிர்த்தாத படத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். "கேமராவச் சாய்ச்சுப் புடிச்சுப்போட்டு ஊடு சாஞ்சுதுங்கறீங்களா?" என்றார் அதிகாரி. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் மறுபடியும் போய், மாரியாத்தாளை வாசற்படியில் நிற்கவைத்து எடுத்தான். ஆள் நேராக நிற்க, பின்னால் சுவர் சாய்ந்து தெரிந்தது. இனி எவனும் மறுக்க முடியாது என்று நானும் தெம்பாக அவனோடு அலுவலகம் போனேன்.

அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். "சாஞ்சுதானுங்க இருக்குது," என்றார். பிறகு மாரியாத்தாள்மேல் விரலை வைத்தார். "ஆனா இதுல ஆள் குடியிருக்குதுங்களே? காலி பண்ணுன ஊட்டுக்குத்தானுங்க மாத்து ஊடு."

"போக எடமில்லாமத்தானுங்க உள்ள இருக்கறாங்க!" என்றான் தம்பிதுரை.

"அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைப் புரட்டிப் போட்டிருப்பேன். போடவில்லை. வெளியே வந்தோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அப்போது அவனுடைய செல்போன் அடித்தது. மாரியாத்தாள்தான். பேசுவது எனக்கும் கேட்டது.

"ஏனுங்க தம்பி, படம் நல்லா வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்கக்கா."

"அப்பச் சாமானெல்லாம் கட்டி வெச்சரட்டுங்களா?"

தம்பிதுரை போனை என் கையில் கொடுத்துவிட்டான்.