சாய்ந்து நின்ற எழுத்துகள்

உடுப்பிட்டியிலிருந்து பட்டினத்துக்கு ஓடிய ஒரு பழைய பஸ் எங்கள் ஐயாவுடையது, ஓட்டியதும் அவர்தான். அந்தக் காலத்தில் பஸ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு முருகன் பெயர் இருக்கும்.

ஒருமுறை அம்மா பட்டினத்தில் பஸ் மாறி ஏறி, வேறு திசையில் இருக்கும் காரைநகர் வரை போய்விட்டார். இருட்டுகிற நேரம் வந்து சேர்ந்து, சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். பராக்குப் பார்த்திருப்பார் என்று நான் நினைத்தேன்.

அடுத்த கிழமை ஐயா, பெயர்ப்பலகை எழுதும் பெயின்ரரைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரரின் சவர்க்கார விளம்பரத் தகரம் ஒன்றைக் காட்டி, அதே மாதிரி தமிழில் எழுதச் சொன்னார். பஸ்ஸின் நெற்றியிலும் பக்கத்திலும் புதிய எழுத்து வந்தது. மெலிவும் நெளிவும் இல்லாமல் உலக்கைபோல ஒரே தடிப்பு. காற்றுக்குச் சாய்ந்த வாழைகள்போல எல்லாம் ஒரே பக்கம் சரிந்து நின்றன.

"உங்கடை பஸ்ஸின்ரை எழுத்துக்குக் காய்ச்சலோடி? சரிஞ்செல்லோ கிடக்குது!" என்று பள்ளிக்கூடத்துப் பெட்டைகள் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டு வந்து, எழுத்தை நிமிர்த்தச் சொல்லி ஐயாவிடம் கேட்டேன்.

"நிமிர்த்தினால் பத்தோடை பதினொண்டாய்ப் போயிடும், பிள்ளை," என்றார் ஐயா.

அந்த மாரியில் வேலிக் கிளுவை முள் என் கண்ணில் கீறிவிட்டது. காலையில் ஐயாவின் பஸ்ஸில் அம்மா என்னைப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். திரும்பி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நாலு பக்கமும் பஸ்காரரின் கூப்பாடு. இன்னொரு தரம் காரைநகருக்குப் போய்விடுவோமோ என்று எனக்குப் பயம்.

"அம்மா, பேரை வடிவாய் வாசிச்சுப் பாருங்கோ!"

அம்மா சிறிது நேரம் மழையிலேயே நின்றார். பிறகு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், விறுவிறென்று நடந்தார்.

"இந்தா நிக்குது, எங்கடை பஸ்!"

என் விரல்களைப் பிடித்துப் பஸ்ஸின் பக்கத்தில் வைத்தார். ஈரத் தகரத்தின் மேல் தடித்த பெயின்ற் சரிந்து சரிந்து போவது விரலுக்குத் தெரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டீர்!" என்று ஐயா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். அம்மா சிரித்தார். வீடு வரும்வரை நினைத்து நினைத்துச் சிரித்தார். சொந்த பஸ்ஸைக் கண்டுபிடித்ததற்கு இவ்வளவு சந்தோசமா என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதும், ஐயா எழுத்தைச் சாய்த்தது அவருக்காகத்தான் என்பதும் அப்போது நான் அறியாதவை. எப்படி அறிவேன்? பின்னேரங்களில் விளக்கைத் தூண்டிவிட்டு என் பக்கத்தில் இருந்து, நான் வாசிக்கும்போது குரல் கொஞ்சம் தடக்குப்பட்டாலும், "பிழை, திருப்பி வாசி," என்று சொல்பவர் அம்மாதானே.