இயந்திரம் படிக்காத அட்டைகள்

மாட்டுங்கா அகிலாண்டத்துக்குக் கையில் தப்பே வராது என்று பம்பாய் டிராம்பே ஆபீசில் பேர். கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் ஓட்டை போடுவது அவள் வேலை. கடற்கழியில் தண்ணீர் எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்று சொல்லும் புரோகிராம் அந்த அட்டைகளில் இருந்தது. நாலாயிரம் அட்டை, பதினோரு பேர், மூன்று வருஷ உழைப்பு.

அந்தப் பதினோரு பேரில் தாராவிக்காரன் பிச்சைக்கு மட்டும் ஒரு பழக்கம். எதைச் செய்தாலும், ஏன் அப்படிச் செய்தோம் என்று இங்கிலீஷில் தனி அட்டைக்கு எழுதிக் கொடுப்பான். முதல் கட்டத்தில் C அடித்துவிட்டால் இயந்திரம் அந்த அட்டையைத் தாண்டிப் போய்விடும். பின்னே எதற்கு இந்த வெட்டி வேலை என்று அவள் சலித்துக்கொண்டால் சிரிப்பான்.

"மிசினுக்கு வேண்டாம்க்கா. நாளைக்கு வாரவனுக்கு வேணும்லா."

அறுபத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. முப்பது வயதுகூட ஆகவில்லை.

டில்லியிலிருந்து வந்த புது அதிகாரி கெட்டிக்காரர்தான். சும்மா இருக்கத்தான் தெரியாது. இயந்திரம் படிக்காததைச் சுமப்பானேன் என்று முந்நூறு காரண அட்டைகளையும் உருவிக் குப்பையில் போடச் சொன்னார். அவளுக்கு மனசு வரவில்லை. முறுக்கு டின்னில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அடுத்த மாதம் புரோகிராமிலும் கை வைத்தார். பழைய வருஷத்து அளவுகளின் நேரத்தோடு 39 நிமிஷத்தைக் கூட்டும் ஒரு வரி எதற்கென்றே தெரியவில்லை. அது பிச்சையின் பகுதி, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. வேண்டாத வரி என்று எடுத்துவிட்டார். விடைகள் தாறுமாறாக வந்தன. தான் எடுத்த வரியை அவர் சந்தேகிக்கவில்லை; அட்டை அடித்ததில்தான் தப்பு என்று பழி ஓட்டை போட்டவள் தலையில் விழுந்தது. திங்கட்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போகும் என்று மெமோ வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டின்னைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாம் அவள் அடித்ததுதான், ஆனால் அடிக்கும்போது அர்த்தம் பார்க்க யாருக்கு நேரம்? ஓர் அட்டை மட்டும் அவள் கை அல்ல. எழுத்துகளுக்கு நடுவே கண்டபடி இடைவெளி. பிச்சையே உட்கார்ந்து அடித்திருக்கிறான்.

"39 நிமிஷம்: 1955-க்கு முந்திய அளவுகள் பழைய பம்பாய் நேரப்படி எடுத்தவை. கண்டு சொன்னது அகிலாண்டம். சந்தேகமிருந்தால் அவரைக் கேட்கவும்."

என்றோ சாப்பாட்டு வேளையில், அந்தக் காலத்தில் பம்பாய்க்கென்று தனி நேரம் இருந்ததையும், தன் அப்பாவின் கடிகாரம் அதன்படி ரயில் நேரத்துக்கு முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால் ஓடியதையும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அவளே மறந்துபோனாள். அவன் மறக்கவில்லை. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திங்களன்று அதிகாரி அதை இரண்டு தரம் படித்தார். வரியைத் திரும்பப் போட்டதும் விடை சரியாக வந்தது. மெமோவைத் தன் கையாலேயே கிழித்தார். காரண அட்டைகளை எல்லாம் பழைய இடத்தில் சேர்க்கச் சொன்னார்.

அகிலாண்டம் சேர்த்தாள். பிச்சையின் அட்டைக்குப் பின்னால், யாரும் சொல்லாமலே, இன்னொன்றும் அடித்து வைத்தாள்.

"மேலே உள்ளதை எழுதியவர் பிச்சை. அவரைக் கேட்க முடியாது. இந்த அட்டையை எடுக்க வேண்டாம்."