பூ கட்டாமலே வந்த உத்தரவு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில்கூட வாங்கவில்லை, ராஜம் ஆரம்பித்துவிட்டாள்.

"ஜாதகம் பொருந்தலையாம். நீயே சொல்லுடி, நம்ம ஜோசியர் பேஷான பொருத்தம்னு எழுதிக் கொடுத்திருக்கார். அவங்க ஜோசியர் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாராம்?"

ராஜம் என் கல்லூரி சிநேகிதி. தம்பிக்குப் பெண் பார்க்கிறாள். பெண் செங்கல்பட்டு, பி.எஸ்ஸி. கடைசி வருஷம், ஏப்ரலில் பரீட்சை. நல்ல குடும்பம், நல்ல பெண், எல்லாம் கூடி வந்தது... கடைசியில் தரகர் வந்து, ஜாதகம் சேரவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"அந்த ஜோசியரை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்" என்றாள்.

"அப்படி ஒரு ஜோசியர் இருக்கிறாரா?" என்றேன்.

ராஜம் என்னை முறைத்தாள். அவளுக்குச் சொன்ன காஞ்சிபுரத்துக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன் நான் அம்மைத் திட்டத்தில் வேலை பார்த்தவள். உலகத்திலிருந்தே பெரியம்மையை விரட்டுவது என்று பெரிய பெரிய தேசங்கள் எல்லாம் கூடி முடிவு செய்திருந்த சமயம். மருந்து வந்தது, ஊசி வந்தது, ஜீப் வந்தது. கையை நீட்டத்தான் பல இடங்களில் ஆள் வரவில்லை. ஏன்? அதைக் கேட்டு எழுதத்தான் என்னை எடுத்தார்கள். உத்தியோகத்தின் பெயர், ஆராய்ச்சி உதவியாளர். எத்தனை பேருக்குக் குத்தியாயிற்று என்று எண்ண வேறு ஆட்கள் இருந்தார்கள். என் வேலை வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது. பேசுவதற்குச் சம்பளம்! என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதை நம்புவதில்லை.

பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தெரு. வீட்டுக்கு வீடு தறி. தெரு முனையில் திரும்பும்போதே சத்தம் காதை அடைக்கும். அந்தத் தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்.

"பூ கட்டிப் பாத்தோம்மா. ஆத்தா உத்தரவு குடுக்கலை."

உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. தெரு முழுக்க சிவப்பாகவே வந்திருந்தது.

எங்கள் குழுவுக்குத் தலைவர் சென்னையிலிருந்து வந்த டாக்டர். நல்லவர், கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். 'மூடநம்பிக்கை' என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்.

எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. அதற்குக் காரணம் தனலட்சுமி.

தனலட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் தறிக் குழியில் உட்கார்ந்து நெய்கிறார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் வைத்த நாடாவைக் குறுக்கே தள்ளுகிறாள். கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், அதனால் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அவள் தலைக்குப் பின்னால் ஏணை கட்டியிருந்தது. அதன் கயிறு அவள் கால் கட்டைவிரலில். கை நாடா தள்ள, கால் குழந்தையை ஆட்டியது. வாய் எனக்குப் பதில் சொன்னது.

"ஆத்தா வேணான்னுட்டாங்க டாக்டரம்மா. நாங்க இன்னா பண்றது?"

நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அதை அவள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஏணைக்குள் கையை விட்டுக் குழந்தையின் தோளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பெண். இரண்டு கையும் வழவழவென்று இருந்தன, அம்மை குத்திய தழும்பே இல்லை. பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்தில் அம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. நாங்களோ சனிக்கிழமையோடு ஓரிக்கைப் பக்கம் கிளம்ப வேண்டும்.

மறுநாள் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். "பூசாரியைப் போய்ப் பாருங்க. அம்மன் சம்மதிச்சுட்டான்னு அவரை விட்டே சொல்ல வெச்சுடலாம்."

போனேன். பூசாரி கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊசிக்குன்னு யாரும்மா பூ கட்டிக்கினு வந்தாங்க? கல்யாணத்துக்கு வந்தாங்க. மனை வாங்கறதுக்கு வந்தாங்க. எருமை காணாமப் போச்சுன்னு ஒருத்தர் வந்தாரு. ஊசின்னு ஒருத்தரும் வரலையே."

"ஒருத்தர்கூடவா?"

"ஆத்தா மேல சத்தியமா வரலைம்மா. வந்து கேட்டா ஆத்தா ஏன் வேணான்றாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்து சொன்னபோது டாக்டருக்கு வரவில்லை.

"அப்போ தெருவே சேர்ந்து பொய் சொல்லுதா?"

பொய்யா அது? யோசித்துப் பாருங்கள். குத்தினால் ஒரு வாரத்தில் இடம் பொங்கும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மடியை விட்டு இறங்காது. தனலட்சுமி எழுந்தால் தறி நிற்கும். தறியில் இருப்பதோ யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை. வேறு ஆளை உட்கார வைத்தால், கை மாறின இடம் கரையில் கோடு மாதிரி தெரியும். இதையெல்லாம் வாயைத் திறந்து சொன்னால் நாம் உடனே என்ன கேட்போம்? 'புடவை பெரிசா, குழந்தை பெரிசா?' எந்தத் தாய் அதற்கு நின்று பதில் சொல்வாள்? ஆத்தா வேண்டாம் என்றாள் என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. வந்தவர்களுக்கும் மரியாதை, இருப்பவர்களுக்கும் மரியாதை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. 'ஏன்' என்று கேட்டால் ஜனங்கள் காரணத்தைச் சொல்வதில்லை. எதைச் சொன்னால் நாம் சீக்கிரம் எழுந்து போவோமோ, அதைச் சொல்கிறார்கள்.

திரும்ப தனலட்சுமி வீட்டுக்குப் போனேன். பூசாரி பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவள் முகம் என்ன ஆகும்? பாயில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டேன்.

"தனலட்சுமி, ஆத்தா இப்ப வேணாம்னாங்களா, எப்பவுமே வேணாம்னாங்களா?"

நாடா நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தறியைப் பார்த்தார். தறியில் முந்தானை பாதி ஏறியிருந்தது.

"எப்பவுமேன்னு சொல்லலை..." என்றாள் மெதுவாக. "இந்தப் புடவையோட பாவு முடியுது. தறியிலேந்து அறுத்தப்புறம் கேட்டா ஒருவேளை குடுப்பாங்க." பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல்; அது தீர்ந்தால் தறி தானாக நிற்கும்.

"வேற பாவு ஏத்தி ஓட்ட நாளாவும்மா. அதுக்குள்ள புள்ளைக்குக் காய்ச்சல் வந்து போயிடும்" என்றார் புருஷன். அதுவரை அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

டாக்டரிடம் போய் நின்றேன். "ஒரு தறிக்காக உலகத் திட்டம் காத்துக்கிட்டு நிக்குமா?" என்றார். நிற்க வேண்டாம், சனிக்கிழமை நாம் கிளம்பலாம் என்றேன். எங்கள் குழுவில் அம்மை குத்துகிறவர் ஒருவர் ஐயம்பேட்டைக்காரர். சாயங்காலம் சைக்கிளில் இந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். எந்த வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லையோ, அங்கே இறங்கி, 'பாவு முடிஞ்சுதா?' என்று கேட்கட்டும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். சரி என்றார். அவசரக்காரர்தான், பிடிவாதக்காரர் இல்லை.

அடுத்த வாரம் தனலட்சுமி வீட்டில் சத்தம் நின்றது. சொல்லியனுப்பியிருந்தார்கள், ஓரிக்கையிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன். ஐயம்பேட்டைக்காரர் குத்தியதும் குழந்தை வீரிட்டு அழுதது. தோளில் சின்னதாக ரத்தம் பொடித்தது. தனலட்சுமி குழந்தையை இடுப்பில் போட்டுத் தட்டிக்கொண்டே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் என்னிடம் சொன்னாள்.

"பாத்தீங்களா டாக்டரம்மா, ஆத்தா உத்தரவு குடுத்துட்டாங்க."

"நான் அப்பவே நினைச்சேன்" என்றேன்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வீடாகத் தறி நிற்க நிற்க, அந்தத் தெரு முழுக்க உத்தரவு வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அம்மை அந்தத் தெருப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ராஜம் காபியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவங்க ஜோசியர்?"

"அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்" என்றேன். "அவருக்கும் கணக்குச் சரியாக வந்துவிடும்."